திங்கட்கிழமை காலை அதே காரில் வேலைக்குப் போக வேண்டும்

திருப்பூர்த் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தினமும் திருப்பூரிலிருந்து பீளமேடு வரை போய்வருகிறார், போக வர நூறு கிலோமீட்டர் ஆகிறது. வீட்டில் மனைவி, ஆறு வயதுப் பெண், மூட்டு வலியுள்ள அம்மா. கையில் 2016 ஸ்விஃப்ட் பெட்ரோல் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 22 லட்சத்துக்குள் வேகமான கார் ஒன்று வேண்டும். வருடத்தில் மூன்று நான்கு தடவை செட்டிபாளையம் கரி டிராக்கில் ஓட்ட ஆசை. அவர் மனதில் மூன்று கார்கள்: எட்டு வருடம் ஓடிய பி.எம்.டபிள்யூ 320டி, புது ஃபோக்ஸ்வாகன் வர்டஸ் 1.5, புது ஹூண்டாய் ஐ20 என் லைன். "எது அண்ணா?" என்கிறார்.

ஒரு வரியில் சொல்லலாம், ஆனால் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதனால் சுற்றிக்கொண்டு வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் ஒவ்வொரு காருக்கும் எதிரே எத்தனை குதிரைத்திறன், நூறைத் தொட எத்தனை வினாடி என்று எழுதியிருக்கிறீர்கள். பிரேக் பற்றி ஒரு சொல் இல்லை, டயர் அளவு இல்லை, எடை இல்லை. நானும் முதல் தடவை இப்படித்தான் போனேன். கரியில் நான் படித்த பாடத்தைச் சொல்லிவிட்டால் மிச்சமெல்லாம் தானாகப் புரியும்.

கரி டிராக் சுமார் 2.1 கிலோமீட்டர்தான். 2003இல் திறந்தது. கோவைக்காரரான கரிவரதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கியவர் அவர், 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். சென்னை இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர், அங்கே வேகமான நீண்ட வளைவுகள் இருக்கும். கரி அப்படியல்ல. குட்டி இடத்தில் மடக்கி மடக்கி வளைவுகளை வைத்திருக்கிறார்கள். நேர்ப்பாதை வந்ததென்று மிதித்தால் உடனே அடுத்த பிரேக் வந்துவிடும். சாதாரண ஹேட்ச்பேக்குக்கு ஒரு சுற்று ஒன்றரை நிமிடத்துக்கு அக்கம்பக்கம் ஆகும். அதாவது பிரேக்குக்கு மூச்சுவிட நேரமே கிடையாது.

அன்றைக்கு நான் ஓட்டியது அப்போது என்னிடமிருந்த பழைய ஹேட்ச்பேக். முந்தின வாரம்தான் ஆயில் மாற்றி, ஏர் ஃபில்டர் மாற்றி, கண்ணாடிகூடத் துடைத்து வைத்திருந்தேன். ஆறாவது சுற்றா ஏழாவதா, சரியாக ஞாபகமில்லை. நீளமான நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை மிதிக்கிறேன், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. வண்டி நிற்கவில்லை. மறுபடி மிதித்தேன், இன்னொரு தடவை பம்ப் பண்ணினேன். பாதி வேகம் குறைந்தது, மீதி வேகத்தோடு வளைவைத் தாண்டி மண்ணில் இறங்கி, ஒரு புழுதி மேகத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கை நடுங்கியது. வண்டியை மெல்ல உருட்டி உள்ளே கொண்டுவந்தபோது கருகின வாடை. அங்கே இருந்த மெக்கானிக் ஒருவர் பானட்டைத் தூக்கி பிரேக் ஆயில் டப்பாவை எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இது எப்ப மாத்துனதுங்க? டீத்தண்ணியாட்டம் இருக்குதே" என்றார். மூன்று வருடமாக மாற்றவே இல்லை.

நடந்தது இதுதான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்று டப்பாவில் போட்டிருக்கும் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அதே விதி கேட்பது 155 டிகிரி மட்டுமே. அவிநாசி ரோட்டில் 155 தாராளம். டிராக்கில் அது கொதித்து ஆவிக்குமிழ் ஆகிவிடும். திரவத்தை அழுத்தினால் டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பேட் நகரும், ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும். பெடல் பஞ்சாகிப் போவதற்குக் காரணம் அதுவே.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளோடு சேர்த்து 1300 கிலோ வரும் வர்டஸை 140 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70க்குக் கொண்டுவர ஒரு தடவை மிதிக்கிறீர்கள். அந்த ஒரு மிதியில் பிறக்கும் வெப்பம் இரண்டு லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அதே வேகத்தில் 320டி என்றால் மூன்று லிட்டருக்குக் கிட்டே. உங்கள் ஸ்விஃப்ட் கரியில் அந்த வேகத்தையே தொடாது. 120லிருந்து 60 என்று வைத்தால் ஒன்றரை லிட்டர்கூட வராது. இது ஒரு வளைவுக்கு. ஒரு சுற்றில் இப்படி மூன்று நான்கு இடம், ஒரு தடவை உள்ளே போனால் பத்துப் பன்னிரண்டு சுற்று. குதிரைத்திறன் கூடக் கூட இந்தத் தண்ணீர்ப் பானையும் பெரிதாகிக்கொண்டே போகும், ஆனால் கம்பெனி கொடுத்த பிரேக் அதே ரோட்டு பிரேக்தான்.

இது நம் ஊருக்குப் புது ஞானமல்ல. சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களைக் கேளுங்கள். எந்த கியரில் மலை ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பார்கள். பிரேக்கை மட்டும் நம்பி திம்பம் இருபத்தேழு கொண்டை ஊசியையும் இறங்கினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். நாம்தான் காரில் ஏசி போட்டு உட்கார்ந்துகொண்டு அதை மறந்துவிட்டோம்.

சரி, கார்களுக்கு வருவோம்.

320டி. உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. பின்சக்கர இழுவை, 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அந்த ஸ்டியரிங். செங்கப்பள்ளி தாண்டி சேலம் பக்கம் போகும்போது அதன் சுகமே தனி. ஆனால் உங்கள் கணக்கில் வண்டி விலை மட்டும் இருக்கிறது. எட்டு வருட வண்டியில் சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் பாதி ஆயுளைத் தாண்டியிருக்கும். டிராக்கில் இரண்டு நாள் வளைத்து எடுத்தால் மீதியும் போய்விடும். பஞ்சர் ஆனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயரோடு வந்திருக்கும். பக்கச் சுவர் முரட்டுத்தனமாக இருப்பதால் நம் ஊர் வேகத்தடையில் முதுகுக்குத் தெரியும், மாற்றும்போது பர்ஸுக்கும் தெரியும். ஆயிரத்தைந்நூறு கிலோ எடை வேறு. கோவையில் இந்த வண்டிகளைப் பார்க்கும் நல்ல வெளி மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், அது பிரச்சினை இல்லை. ஒரு சென்சாருக்காகப் பத்து நாள் காத்திருக்கும்போது நீங்கள் எதில் பீளமேடு போவீர்கள் என்பதுதான் பிரச்சினை. வீட்டில் இரண்டாவது கார் இருப்பவருக்கு நானே இதை வாங்கச் சொல்வேன். உங்களுக்கு வேண்டாம்.

ஐ20 என் லைன். ஒரு லிட்டர் டர்போ, 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். ஆறு கியர் மேனுவலில் கிடைக்கிறது, டபுள் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கிலும் கிடைக்கிறது. கரி மாதிரி குட்டி டிராக்கில் எடை குறைந்த, நீளம் குறைந்த வண்டி சந்தோஷம் கொடுக்கும். காகிதத்தில் இதைவிடப் பலமான வண்டிகள் நேர்ப்பாதையில் சம்பாதித்ததை வளைவில் விட்டுவிடும். நானாக இருந்தால், கல்யாணம் ஆகாத வயதில், யோசிக்காமல் இதன் மேனுவலை எடுத்து, மிச்சப் பணத்தை டயரிலும் பெட்ரோலிலும் கரைத்திருப்பேன். பதிவுச் செலவிலும் ஒரு விஷயம் உண்டு. தமிழ்நாட்டில் கார் விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் சாலை வரி 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18. எந்த வேரியண்ட் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஷோரூமில் கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள்.

வர்டஸ் 1.5. 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் மேனுவல் அல்லது ஏழு கியர் டி.எஸ்.ஜி., அதாவது ஃபோக்ஸ்வாகனின் டபுள் கிளட்ச் ஆட்டோமேட்டிக். அவிநாசியிலிருந்து நீலாம்பூர் வரை ஆறு வழிச்சாலையில் சீராகப் போகும்போது நான்கு சிலிண்டரில் இரண்டை அதுவே அணைத்துக்கொள்ளும், மைலேஜ் பரவாயில்லாமல் வரும். லாரி ஒன்றைத் தாண்ட வேண்டுமென்றால் கியர் குறைக்காமலே இழுக்கும். குளோபல் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம். டிக்கி பெரிது, துணி சாம்பிள் மூட்டைகளைப் போட்டாலும் இடம் மிஞ்சும். குறை என்றால் பின்சக்கரத்தில் டிரம் பிரேக். நிறையப் பேர் இதைப் பெரிய பாவமாகப் பேசுவார்கள். முன்சக்கர இழுவைக் காரில் வேலையின் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான், அதனால் நிற்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. டிரம் சூடானால் ஆற நேரமெடுக்கும் என்பது மட்டும் உண்மை. ஆறு சுற்று ஓட்டி ஒரு சுற்று ஆறவிட்டால் சமாளிக்கலாம்.

இந்த இரண்டில் எதை எடுத்தாலும் மேனுவல் எடுங்கள். பிடிவாதத்துக்குச் சொல்லவில்லை. வர்டஸில் இருக்கும் டி.எஸ்.ஜி. உலர் கிளட்ச் வகை. எண்ணெயில் மூழ்கி ஆறுவதில்லை, காற்றில்தான் ஆற வேண்டும். அது தாங்கும் அளவும் 250 நியூட்டன் மீட்டர்தான், இன்ஜின் கொடுப்பதும் அதே. ரோட்டில் அது போதும், அழகாகவும் மாறும். ஆனால் காலையில் டிராக், மாலையில் காந்திபுரம் டிராஃபிக் என்று இரண்டிலும் வறுத்தெடுத்தால் எனக்கு மனம் ஒப்பாது. மேம்பாலம் வந்த பிறகும் பீளமேட்டில் கீழே ஊர்ந்துதான் போகிறீர்கள், இடது கால் வலிக்கும் என்று உங்கள் மனைவி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவரும் தினம் ஓட்டுவார் என்றால் டி.எஸ்.ஜி.யே எடுங்கள், டிராக்கில் ஒரு தடவை உள்ளே போனால் ஓட்டும் இருபது நிமிடத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வாங்கியவுடன் ரீமேப் பண்ணிவிடலாம், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதிவிடலாம், முப்பது குதிரைத்திறன் கூடும் என்று யாராவது காதில் ஓதுவார்கள். கூடும்தான். வாரண்டி போகும், கிளட்ச் அளவைத் தாண்டும், மேலே சொன்ன தண்ணீர்ப் பானை இன்னும் பெரிதாகும். அந்தக் காசில் நல்ல டயர் நான்கு வாங்கலாம். வர்டஸின் 205/55 ஆர்16 உலகம் முழுக்கப் புழங்கும் அளவு, நல்ல டயர்கள் எளிதில் கிடைக்கும். வண்டிக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே இருப்பது உள்ளங்கை அகலத்தில் நான்கு துண்டு ரப்பர்தான். மற்றதெல்லாம் அதற்கு மேல்.

டயர் என்றதும் ஒரு எச்சரிக்கை. டிராக்கில் டயர் சூடாக ஆகக் காற்றழுத்தம் ஏறும். காலையில் 32 வைத்துப் போனால் நாலைந்து சுற்றில் 38, 39 என்று காட்டும், வண்டி வழுக்க ஆரம்பிக்கும். உள்ளே வந்தவுடன் சூட்டோடு அளந்து 34, 35க்குக் குறைப்பார்கள். சரிதான். ஆனால் சாயங்காலம் டயர் ஆறியதும் அது 28க்குப் பக்கத்தில் போயிருக்கும். ஒரு தடவை நான் அப்படியே மறந்து பல்லடம் ரோட்டில் வீட்டுக்கு வந்து, மறுநாள் காலை சர்வீஸ் ரோட்டுப் பள்ளத்தில் இறங்கியபோது ரிம்மே தரையில் இடித்தது. ரிம் சரிசெய்ய ஆன செலவை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. காற்று அடிக்கும் சின்ன பம்ப் ஒன்றை டிக்கியில் போட்டு வையுங்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். உங்கள் பாலிசியைப் பிரித்து, வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற பகுதியைப் படியுங்கள். ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை இவற்றில் நடக்கும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று அச்சடித்திருப்பார்கள். பம்பர் டு பம்பர் போட்டிருந்தாலும் இதே கதைதான். எனக்குத் தெரிந்த ஒருவர் டயர்ச் சுவரில் முன்பக்கத்தைக் கொடுத்துவிட்டு, கைக்காசைப் போட்டுத்தான் வண்டியை எடுத்தார். அதனால் எனக்கு ஒரு அளவுகோல் உண்டு: இந்தக் காரின் முன்பக்கம் முழுக்க நாளை நொறுங்கினால் மாதத் தவணையும் கட்டி, அதையும் சரிசெய்து, தூக்கமும் கெடாமல் இருக்க முடியுமா? முடியாதென்றால் அந்தக் காரை டிராக்கில் இறக்கக் கூடாது. 22 லட்சத்தில் பெரும்பகுதிக்குக் கடன் போடுகிறீர்கள் என்பதைச் சேர்த்து யோசியுங்கள்.

இதனால்தான் முதலில் சொல்லாமல் வைத்திருந்த என் பதில்: ஸ்விஃப்டைக் கொடுக்காதீர்கள். இப்போதைக்காவது.

சிரிக்காதீர்கள். 84 குதிரைத்திறன், ஆயிரம் கிலோவுக்கும் குறைவான எடை, கடன் முடிந்த வண்டி, எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டும் வண்டி. கரியிலேயே ஓடும் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 பந்தயக் கார்களுக்குள் இருப்பதும் ஸ்விஃப்ட் இன்ஜின்தான். 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். இந்த ஊரில் சின்ன இன்ஜினைக் கேவலமாகப் பார்க்கிற வழக்கம் கிடையாது. வளைவை எந்தக் கோட்டில் எடுக்க வேண்டும் என்பது வேகம் குறைந்த காரில்தான் தெரியும். எங்கே பிரேக்கை விட வேண்டும், எங்கே ஸ்டியரிங்கை நேராக்க வேண்டும் என்பது 84 குதிரைத்திறனில் கற்றுக்கொண்டால் ஒட்டிக்கொள்ளும். 150இல் ஆரம்பித்தால் தப்பையெல்லாம் இன்ஜின் மறைத்துவிடும், நீங்களும் நன்றாக ஓட்டுகிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

அதற்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. பிரேக் ஆயிலை முழுக்க வெளியேற்றிப் புது டாட் 4 ஊற்றச் சொல்லுங்கள். டப்பாவில் மேலே மட்டும் ஊற்றி நிரப்பிவிட்டு மாற்றிவிட்டேன் என்பவர்களும் உண்டு, அதனால் பக்கத்தில் நின்று நான்கு சக்கரத்திலும் புது நிறம் வரும்வரை பாருங்கள். முன் பிரேக் பேட் பாதிக்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். டயர் தயாரித்த வாரமும் வருடமும் பக்கச் சுவரில் நான்கு இலக்கமாக இருக்கும்; ஆறு வருடம் தாண்டியிருந்தால் டயர் தேயாமல் இருந்தாலும் வேண்டாம். வீல் நட்டு இறுக்கம் பாருங்கள். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி, ஜாக்கி, குழந்தையின் தண்ணீர் பாட்டில், டாஷ்போர்டு பிள்ளையார் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வையுங்கள். பிரேக் பிடிக்கும்போது காலடியில் உருண்டு வரும் பாட்டில்போல் பயம் வேறில்லை. ஹெல்மெட் முகம் முழுக்க மூடுவதாக இருக்கட்டும். பருத்திச் சட்டை போடச் சொல்வார்கள், திருப்பூர்க்காரருக்கு அதை நான் சொல்லவா வேண்டும்?

உள்ளே போனால் முதல் சுற்று மெதுவாக, கடைசிச் சுற்றும் மெதுவாக, பிரேக்கையே தொடாமல். நிறுத்தியதும் கை பிரேக்கை இழுக்காதீர்கள். சூட்டோடு டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவும் டிரம்மும் பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டு, டயருக்குக் கட்டை கொடுங்கள், லாரிக்காரர்கள் செய்கிற மாதிரி. ஓட்டத் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு இருந்தால் அதற்குக் கொடுக்கும் காசுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். என்னைப் பொறுத்தவரை, ஒரு மணி நேரம் அப்படி ஓட்டியது நான் அதுவரை காருக்குச் செய்த எல்லாச் செலவையும்விட அதிக வேகத்தைக் கொடுத்தது.

வால்பாறை நாற்பது வளைவு, கொல்லிமலை எழுபது வளைவு என்று யாராவது கூப்பிட்டால் குடும்பத்தோடு போய்வாருங்கள். அது டிராக் இல்லை. எதிரே பஸ் வரும், வரையாடு நிற்கும், பால்காரர் வருவார்.

இரண்டு மூன்று தடவை ஸ்விஃப்டில் கரி போய்வந்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் அப்போது வர்டஸ் மேனுவலை எடுங்கள். நூறு கிலோமீட்டர் தினசரிக்கும், நான்கு பேர் குடும்பத்துக்கும், உங்கள் ஆசைக்கும் மூன்றுக்கும் பொருந்துவது அதுதான். 17 லட்சம் விலை வந்தால் சாலை வரி மட்டும் மூன்று லட்சம் ஆகிவிடும், அதனால் அலங்காரத்துக்காக மேல் வேரியண்டுக்கு ஏறாமல் கீழேயே நில்லுங்கள். மிச்சம் ஒரு லட்சமாவது டயருக்கும் பேடுக்கும் கையில் இருக்கட்டும். ஒருவேளை ஸ்விஃப்டையே டிராக்குக்கென்று வைத்துக்கொள்ளத் தோன்றினால் இன்னும் நல்லது. அப்போது தினசரிக்கு எந்தக் கார் என்பதை உங்கள் மனைவியே முடிவு செய்யட்டும், நானும் நீங்களும் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அம்மாவை ஒரு தடவை ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வர்டஸ் தரையோடு ஒட்டின செடான், உட்காரும்போது கீழே இறங்கி, எழும்போது முட்டியை ஊன்றித்தான் வர வேண்டும். முன்சீட்டிலும் பின்சீட்டிலும் இரண்டிரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். "பரவால்ல கண்ணு" என்று அவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள், இறங்கும்போது கதவை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள்.